கோடு போட்டால் பந்து உருளும்

டோரீன் செய்த முதல் பந்து தரையைத் தாண்டிக் கீழே போய்விட்டது.

பெங்களூர் ஆடுகோடியில் லேத் பட்டறைகளுக்குப் பின்னால் ஒரு குறுக்குத் தெரு. அதில் முதல் மாடி வீடு. சனிக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட தட்டுகளை அப்படியே தள்ளிவைத்துவிட்டு டோரீன் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். வாரம் முழுக்க எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் ஆப்புக்குப் பட்டன்களும் பெட்டிகளும் செய்வது அவள் வேலை. அந்தப் பெட்டிகளில் எதுவும் விழாது, உருளாது, மோதாது. அதனால்தானோ என்னவோ, லீவு நாளில் விழுகிற உருளுகிற சாமான்களைச் செய்து பார்ப்பதில் அவளுக்கு ஒரு பைத்தியம். இந்தத் தடவை ஒரு விளையாட்டு. திரையில் விரலால் எதை வரைந்தாலும் அதற்கு எடை வந்துவிடும். விரலை எடுத்ததும் பொத்தென்று விழும். கோடு போட்டால் அது ஒரு கட்டை. வட்டம் போட்டு மூடினால் அது ஒரு குண்டு. இப்படி வரைந்ததை வைத்துத் தள்ளியோ முட்டுக்கொடுத்தோ ஒரு சிவப்புப் பந்தை மூலையில் நிற்கும் கொடியிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

பந்து மேலேயிருந்து விழுந்தது. தரையைத் தொட்ட வேகத்தில் அதற்குள்ளேயே புகுந்து காணாமல் போனது.

கட்டிலில் சாய்ந்திருந்த அவள் கணவன் தியோடர் கழுத்தை நீட்டிப் பார்த்தான். "எங்க போச்சு?"

"கீழ. தரை மெலிசா போட்டுட்டேன், பந்து வேகமா வந்துச்சு. நடுவுல தரைன்னு ஒண்ணு இருந்ததே அதுக்குத் தெரியல."

"இப்ப எங்க கீது?"

"இன்னும் விழுந்துனே இருக்கு. நான் நிறுத்துற வரைக்கும் விழும்."

"அப்போ சாம்பியன் ரீஃபுக்கே போயிருக்கும். எங்க தாத்தா கீழ நின்னு பிடிச்சிருப்பாரு" என்றான் தியோடர். சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

இரண்டு பேருமே கோலார் தங்கவயல்காரர்கள். அங்கே சாம்பியன் ரீஃப் மாதிரி ஆழமான சுரங்கத்தை வைத்துச் சிரிப்பதெல்லாம் சாதாரணம். ஆனால் தியோடர் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது. டோரீன் பந்தை நிறுத்தாமல் இன்னும் கொஞ்ச நேரம் விழவிட்டாள்.

மழைக்காலத்தில் ஓசூர் ரோட்டில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்ததில் அவனுடைய வலது மணிக்கட்டு நொறுங்கிப் போயிருந்தது. பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, நரம்புதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. எதையாவது பிடித்தால் விரல்கள் நடுங்கின. எலக்ட்ரிக் சாமான் கடையில் கவுண்டர் வேலை என்பதால் இடது கையை வைத்து எப்படியோ சமாளித்துவிட்டான். சமாளிக்க முடியாமல் போனது கேரம்தான்.

கல்யாணத்துக்கு முந்தியிலிருந்தே சாயங்காலமானால் நீலசந்திராவில் கேரம் கிளப்புக்குப் போய்விடுவான். அங்கே அவனுக்கு ஒரு பெயர் இருந்தது. கட்டு அவிழ்த்ததும் ஒரு நாள் போனான். இடது கையால் ஆடினான். அவன் அடித்ததெல்லாம் கோணலாகப் போயிற்று. கொஞ்ச நேரத்தில் எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் அடித்ததும் கோணலாகப் போக ஆரம்பித்தது. கண்ணை மூடிக்கொண்டு காய் போடுகிற ஜெயவேலு, பாக்கெட் வாசலிலேயே நின்ற சிவப்புக் காயைத் தவறவிட்டான். தியோடர் ஜெயித்து வீட்டுக்கு வந்தான்.

"தோக்கடிச்சு அனுப்பியிருந்தா பரவால்ல டோரி" என்றான் அன்றைக்கு. "ஜெயிக்க வெச்சு அனுப்புறானுங்க."

அதோடு கிளப்புப் பக்கம் போகவில்லை. விரலுக்கு வேலை கொடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் பந்தும் கட்டிலுக்கு அடியில் எங்கேயோ உருண்டு போயிற்று. கடைக்குப் போவான், வருவான், சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான்.

ஆகவே அந்தச் சிரிப்பை டோரீன் விடுவதாக இல்லை. தரையைத் தடிமனாக்கினாள். பந்து நின்றது. ஒரு மேடு, ஒரு பள்ளம், ஒரு கொடி என்று சில லெவல்கள் செய்து, மறுநாள் அவன் போனில் ஏற்றிக் கொடுத்தாள்.

"சும்மா ஆடிப் பாருங்க. எங்கெங்க ஓட்டை இருக்குன்னு சொல்லுங்க."

அவன் போனை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கை ஆட்காட்டி விரலால் ஒரு கோடு போட்டான். ஒன்றும் யோசிக்காமல் வலது கையை எடுத்ததுதான் அவளுக்கு ஆச்சரியம். கோடு நெளிந்து நெளிந்து வந்தது. கட்டையாக விழுந்து, பந்துக்கு முன்னாலேயே ஆடி நின்றது. பந்து அசையவில்லை. வட்டம் போட்டான், இரண்டு முனையும் சேரவில்லை, குண்டாக வேண்டியது வளைந்த கம்பியாகக் கிடந்தது. மறுபடியும் போட்டான். அதற்கு மறுபடியும். பள்ளத்தில் பந்து அப்படியே உட்கார்ந்திருந்தது.

"நல்லா இருக்கு" என்று போனைக் கவிழ்த்து வைத்தான். முகம் பழையபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது.

திங்கட்கிழமை காலை ஆபீஸ் பஸ் சில்க் போர்டு சிக்னலில் நகராமல் நின்றபோது, டோரீன் லேப்டாப்பைத் திறந்து கொஞ்சம் வேலை பார்த்தாள். தியோடரின் போனில் மட்டும், போட்ட கோட்டின் நெளிவை ஆட்டமே நீவிவிடும். வட்டத்தின் முனைகள் கிட்டத்தில் வந்தாலே ஒட்டிக்கொள்ளும். கொடிக்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சரிவு; பந்து அங்கே வந்துவிட்டால் தானாகவே போய்ச் சேரும்.

கேரம் கிளப் அவளுக்கு ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. அது மனுஷர்கள் பாவம் பார்த்து விட்டுக்கொடுத்தது, இது வெறும் மெஷின் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லும்போதே அந்த வாதம் உள்ளுக்குள் சரியாக உட்காரவில்லை. அதற்குள் பஸ் நகர்ந்தது. அவளும் லேப்டாப்பை மூடிவிட்டாள்.

"கொஞ்சம் சரி பண்ணேன், மறுபடி பாருங்க" என்று சாயங்காலம் போனை நீட்டினாள்.

முதல் கோட்டிலேயே பந்து உருண்டு கொடியைத் தொட்டது. தியோடர் நிமிர்ந்து உட்கார்ந்தான். அடுத்ததும் ஆயிற்று. பள்ளத்துக்கு மேலே ஒரு குண்டை வரைந்து விழவிட்டான். பந்து எகிறி வெளியே வந்தது. "ஏய், இங்க பாரேன்" என்றான். டோரீன் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து பார்த்தாள். நடிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. பஸ்ஸில் போகும்போது அவள் ஒரு லெவல் செய்வாள். கடையிலிருந்து வந்ததும் அவன் அதை முடிப்பான். முடித்ததை அவளிடம் ஆடிக் காட்டுவான். அவள் நினைத்த வழியில் அவன் ஒருநாளும் போனதில்லை. பாலம் கட்டச் சொன்ன இடத்தில் பாலம் கட்டாமல், பந்துக்குப் பின்னால் பெரிய உருளைக்கிழங்கு மாதிரி எதையாவது வரைந்து, விழுகிற வேகத்தில் பந்தைத் தூக்கியெறிவான். "பாலம்லாம் யாரு கட்டுறது, சும்னே டைம் வேஸ்ட்" என்பான். கையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியது. ஒரு நாள் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஸ்பூனை வைத்துவிட்டு வலது கையால் சோற்றைப் பிசைந்தான். பாதி சிந்தியது. அவள் ரசம் ஊற்றினாள். சரிதான், நான் செய்தது தப்பில்லை என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டாள்.

மேல்மாடியில் காந்தா குடியிருந்தாள். பொம்மனஹள்ளியில் ஒரு கார்மெண்ட்ஸில் தையல் சூப்பர்வைசர். கன்னடக்காரி, ஆடுகோடியிலேயே பிறந்து வளர்ந்ததால் தமிழ் சரளமாக வரும், நடுநடுவே கன்னடமும் வரும். தியோடர் கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுவது அவள் காதுக்கும் போனது. "எனக்கும் கொடுறீ" என்று கேட்டு டோரீனிடமிருந்து லிங்க்கை வாங்கிக்கொண்டு போனாள். டோரீனும் யோசிக்காமல் அனுப்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்து டோரீன் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது காந்தா போனோடு இறங்கி வந்தாள்.

"அண்ணா, இந்தக் கிணறு லெவல் எனக்கு ஆகவே இல்ல. எல்லாம் போட்டுப் பாத்துட்டேன். ஒரே பேஜாராப் போச்சு."

"அது ஈசிம்மா. இப்படிக் கொடு."

அவளுடைய போனை வாங்கி, பந்து கிடந்த கிணற்றுக்கு மேலே ஒரு வட்டம் போட்டான். முனை சேரவில்லை. கம்பி விழுந்து கிணற்றின் வாயில் மாட்டிக்கொண்டது. "உன் ஸ்கிரீன்ல எண்ணெ கை பட்டிருக்கு" என்று லுங்கியில் துடைத்துவிட்டு மறுபடி போட்டான். கோடு நெளிந்தது. மூன்றாவது தடவை பந்து எப்படியோ வெளியே வந்து, கொடிக்கு ஒரு விரல்கடை தூரத்தில் நின்றுவிட்டது.

டோரீனின் கத்தி நின்றது.

தியோடர் தன் போனை எடுத்தான். அதே லெவல். அதே வட்டம். டக்கென்று மூடியது, விழுந்தது, பந்து எகிறிப் போய்க் கொடியில் சேர்ந்தது. இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். ஒன்றில் ஒரு கோடு, இன்னொன்றில் ஒரு கோடு. அவன் விரல் என்னவோ ஒரே மாதிரிதான் நடுங்கியது. ஒரு திரையில் அந்த நடுக்கம் தெரிந்தது, இன்னொன்றில் தெரியவில்லை.

காந்தா இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். "அடுப்புல பால் வெச்சிட்டு வந்தேன்" என்று போனை எடுத்துக்கொண்டு படியேறிவிட்டாள்.

"டோரி, இது வேறயா, அது வேறயா?"

"வேறதான்" என்றாள். பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "உங்க போன்ல கொஞ்சம் உதவி வெச்சிருக்கேன்."

"எப்பத்துலேர்ந்து?"

"ரெண்டாவது தடவை ஆடினீங்களே, அப்பத்துலேர்ந்து."

அவன் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவளுக்குத் தாங்கிக்கொள்ளச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஜெயவேலு பண்ணதை உன்கிட்ட வந்துதானே சொன்னேன்" என்றான். "வேற யார்கிட்டயும் சொல்லல. உன்கிட்டதான் சொன்னேன்."

சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போனான். சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்தான், சாப்பிட்டான். போனை எடுக்கவில்லை.

டோரீன் அன்றைக்கே அந்த உதவியை எடுத்துவிட்டாள். எடுத்துவிட்டேன் என்று சொன்னாள். "சரி" என்றான். உங்கள் கை நல்லபடியாகணும் என்றுதான் செய்தேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அது உண்மைதான். ஆனால் அந்த உண்மையைச் சொன்னால் அவன் அதற்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்றியது, விட்டுவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க அவள் பஸ்ஸில் லெவல் எதுவும் செய்யவில்லை. ஜன்னல் வழியே மெட்ரோத் தூண்களைப் பார்த்துக்கொண்டு போனாள், வந்தாள். வீட்டில் பேச்சு இருந்தது. தண்ணீர் வந்ததா, கேஸ் சொல்லியாச்சா, அண்ணன் மகளுக்கு ஞானஸ்நானம் எப்போது. மற்றபடி ஒன்றுமில்லை. அவன் வலது கையால்தான் சாப்பிட்டான். அதை மட்டும் நிறுத்தவில்லை. அது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது தியோடர் அவள் எதிரே தரையில் வந்து உட்கார்ந்தான். போனைக் காட்டினான்.

"இப்ப இதுல ஒண்ணும் இல்லல்ல?"

"ஒண்ணும் இல்ல."

"சத்தியமா?"

"பைபிளை எடுத்துட்டு வரட்டுமா?"

"வேணாம். முதல் லெவல்லேர்ந்து ஆடப் போறேன். நீ ஒண்ணும் சொல்லாத. முகத்தையும் அப்படி வெச்சிக்காத."

"எப்படி?"

"இப்ப வெச்சினு கீறியே, அப்படி."

அவள் தலையைக் குனிந்துகொண்டு துணியை மடித்தாள். முதல் லெவல் வெறும் ஒரு மேடு. அதற்கே ரொம்ப நேரம் பிடித்தது. கட்டைகள் விழுகிற சத்தம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டது; அந்தச் சத்தத்தை அவளே சமையலறையில் அம்மிக் குழவியைத் தட்டிப் பதிவு செய்து போட்டிருந்தாள். ஒரே சட்டையை இரண்டு முறை பிரித்து மடித்தாள். கடைசியில் கொடியைத் தொடும்போது வரும் சின்ன மணி அடித்தது. தியோடர் அடுத்ததற்குப் போனான். அதுவும் முடிந்தது. மூன்றாவதில், நெளிந்துபோன ஒரு கோடு தற்செயலாகப் படிக்கட்டு மாதிரி விழுந்து, பந்து அதில் தத்தித் தத்தி இறங்கிக் கொடிக்குப் போயிற்று.

"இதை எண்ணிக்கலாமா?" என்றான்.

"பேசக் கூடாதுன்னீங்க."

"இதுக்கு மட்டும் சொல்லு."

"யாரு கையில வந்துச்சோ அவங்க கணக்குதான்."

கிணறு வரைக்கும் வந்தான். கிணறு முடியவில்லை. வட்டத்தை மூட ஒரு முனையை இன்னொரு முனைக்குக் கிட்டே கொண்டுவருவான். கடைசி நொடியில் விரல் துள்ளிவிடும். நெற்றியில் வேர்த்தது. மணிக்கட்டை இடது கையால் அழுத்திக்கொண்டான். டோரீனுக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது. போகாமல் உட்கார்ந்திருந்தாள்.

அவன் போனைக் கீழே வைத்தான். கவிழ்த்து வைக்கவில்லை.

"முனை ஒட்டிக்கிற மாதிரி வெச்சிருந்தியே, அது மட்டும் வேணும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அது எனக்கு வேணும், டோரி. கை அதுக்கு மேல வராது இப்ப. ஆனா அது இருக்குன்னு எனக்குத் தெரியணும். நானே போட்டுக்கணும், நானே எடுத்துடணும். அந்தச் சரிவு இருக்கே, பந்தை உள்ள இழுக்குறது, அது வேணவே வேணாம். அதை நெனச்சாத்தான் எரியுது. கொடி வரைக்கும் நானே போயிட்டேன்னு எத்தினி பேர்கிட்ட சொன்னேன்."

"எனக்குக் கேக்கத் தோணல. கேட்டிருக்கணும்" என்றாள்.

"கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்" என்றான் அவன், கொஞ்சம் யோசித்துவிட்டு. "ஆனாலும் கேட்டிருக்கணும்."

அன்று சாயங்காலமே அவள் திரையின் ஓரத்தில் ஒரு சின்னத் திருகு வைத்தாள். திருகினால் முனைகள் எவ்வளவு தூரத்தில் ஒட்ட வேண்டும் என்று கூட்டலாம், குறைக்கலாம். அவன் போனில் மட்டுமில்லை, ஆடுகிற எல்லோருக்கும். அவன்தான் அப்படிச் சொன்னான். காந்தா அதைக் கண்டதும் கடைசி வரைக்கும் திருகி வைத்துக்கொண்டு கிணற்றை முடித்துவிட்டு, "சக்கத்தா இருக்குறீ, ரொம்ப சூப்பர், முன்னாடியே வெச்சிருக்கலாமே" என்று மெசேஜ் போட்டாள். தியோடர் பாதியில் வைத்து ஆடினான். சில நாள் கொஞ்சம் குறைப்பான். கை வலிக்கிற நாளில் கூசாமல் கூட்டிக்கொள்வான்.

அப்படி ஆடிக்கொண்டிருந்தவன் ஒரு நாள் காபி டம்ளரோடு வந்து நின்று கேட்டான்: "இந்தச் சுவரு, பள்ளமெல்லாம் எங்க வைக்கணும்னு யாரு முடிவு பண்றது?"

"நான்தான்."

"நான் வைக்க முடியாதா?"

டோரீன் அதுவரைக்கும் அப்படி யோசித்ததே இல்லை. அடுத்த வாரம் பஸ்ஸில் அதைத்தான் செய்தாள்: சுவர், மேடு, கொடி எல்லாவற்றையும் விரலால் இழுத்து எங்கே வேண்டுமானாலும் வைக்கிற மாதிரி ஒரு பக்கம். இழுத்து வைப்பதற்குக் கை நடுங்கினால் பரவாயில்லை.

தியோடர் அதில் உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. கேரம் ஆடினவனுக்கு எது எதில் பட்டு எங்கே திரும்பும் என்கிற கணக்கு உடம்பிலேயே இருந்தது. முதலில் செய்த லெவல்கள் சுமார்தான். கொடியைச் சுவருக்குள்ளேயே வைத்துவிட்டு ஏன் முடியவில்லை என்று அவளிடம் சண்டைக்கு வந்தான். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலையில், அவள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, "புதுசு ஒண்ணு அனுப்பியிருக்கேன்" என்றான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அவள் பஸ்ஸில் திறந்தாள். பார்த்தால் ஒன்றுமே இல்லை. நடுவில் ஒரு சுவர், இந்தப் பக்கம் பந்து, அந்தப் பக்கம் கொடி. சுவருக்கு மேலே பந்து போகிற அளவுக்குத்தான் இடம். எதைப் போட்டு எகிறவிட்டாலும் பந்து மேல்கூரையில் பட்டு இந்தப் பக்கமே வந்து விழுந்தது. பாலம் கட்டினாள், சரிந்தது. உருளைக்கிழங்கு வரைந்தாள், அது பந்தை மூலையில் நசுக்கி வைத்துக்கொண்டது. பக்கத்து சீட்டில் இருந்த மோனிகா எட்டிப் பார்த்து, "யாருப்பா பண்ணது இது, மனசாட்சியே இல்லாம" என்றாள்.

"என் வீட்டுக்காரரு."

மத்தியானம் சாப்பாட்டு வேளையில் அவனுக்குப் போன் போட்டாள். கடையில் யாரோ ஃபேன் விலை கேட்டுக்கொண்டிருக்கும் சத்தம்.

"என்னாங்க, இதுக்கு வழி இருக்கா இல்லையா?"

"கீது."

"எந்தப் பக்கம்னாச்சும் சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன்."

"கொஞ்சமா ஒண்ணு."

"திருகை வேணா கூட்டிக்கோ" என்றான். "அதுக்கு மேல என்கிட்ட எதிர்பாக்காத. கஸ்டமர் கீறாரு, வெச்சிடுறேன்."

கேன்டீன் மேசையில் சாம்பார் சாதம் ஆறிக்கொண்டிருந்தது. டோரீன் போனை டம்ளரில் சாய்த்து வைத்துவிட்டு, சுவருக்கு மேலே பார்ப்பதை விட்டு அதன் அடியை இந்தத் தடவை உற்றுப் பார்த்தாள். பிறகு இடது மூலையிலிருந்து ஒரு நீளக் கோடு போட ஆரம்பித்தாள்.